விளைவைப் பார்த்துத் தீர்ப்பளிக்காதீர்கள்



1984 ஜனவரி 2. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆரஞ்சு பௌல் ஆட்டம். 48 விநாடிகளே மீதம். நான்காவது, கடைசி முயற்சியில் நெப்ராஸ்கா கோட்டைக் கடந்தது. மயாமி 31, நெப்ராஸ்கா 30. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். பெரும்பாலும் முதலிடமும் கிடைத்திருக்கும். பயிற்சியாளர் டாம் ஓஸ்போர்ன் வெற்றிக்கான இரண்டு புள்ளிகளையே நாடினார். வீசிய பந்து தட்டிவிடப்பட்டது, தோற்றார்கள்.

'உதைத்திருக்கலாமே' என்பது எளிது. பந்து கைக்குள் விழுந்திருந்தால் அதே நாவு புகழ்ந்திருக்கும். அப்படியானால் நாம் எடைபோட்டது அவர் முடிவையா, பந்து போன திசையையா?

சிந்தியுங்கள்! மகனின் வியாபாரம் நொடிந்தால், 'அப்போதே நினைத்தேன்' என்று குத்தாதீர்கள். ஆராயாமல் இறங்கியிருந்தால் கண்டியுங்கள். ஆராய்ந்தே இறங்கியிருந்தால், கைசேதப்படுபவரின் தோளில் கை வையுங்கள்.