முறையை உங்களுக்கு வையுங்கள்

பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அப்பா போன பிறகு, அம்மாவை மூன்று மகன்களும் மாதம் ஒருவராக வைத்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தோம். ஜனவரி அண்ணனுக்கு, பிப்ரவரி எனக்கு, மார்ச் தம்பிக்கு. ஏப்ரலில் மறுபடி அண்ணன். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் மீதி இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி எனக்கே வந்தது. "உனக்கு வருசா வருசம் மூணு நாள் மிச்சம்டா" என்று அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் செலவு யார் தலையில் விழுந்தது, தீபாவளிக்குச் சேலை எடுத்தது யார், போன ஜூனில் மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே யார் பஸ் ஏற்றிவிட்டது. அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

அன்றைக்கு அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன்பும் கேட்டதில்லை. முறை வைத்தபோது அவளும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மாமா பேசினார், அண்ணன் பேசினான், நாங்கள் தலையாட்டினோம். நிலத்தைப் பிரிக்கிறபோதாவது எல்லைக்கல் எங்கே என்று நேரில் போய்ப் பார்த்தோம்.

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது என் வயதுக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மாசம் அம்மா தம்பி வீட்ல, அடுத்த மாசம் நம்ம முறை" என்று சாதாரணமாகச் சொல்லும்போது சாப்பாடு இறங்குவதில்லை. அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெற்றவர்களை மாதம் ஒரு வீடாகச் சுற்றவிடாதீர்கள். அவர்கள் எங்கே இருக்க ஆசைப்படுகிறார்களோ அங்கே இருக்கட்டும். முறை வேண்டும் என்றால் அதைப் பிள்ளைகளுக்கு வையுங்கள். நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும்.

ஒரு கட்டைப் பையில்தான் அம்மா நாலு வருடம் வாழ்ந்தாள். ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்த பை. மூன்று சேலை, ஒரு துண்டு, திருநீற்றுச் சம்புடம், அப்பாவின் சின்னப் போட்டோ, மாத்திரை டப்பா, வெற்றிலை இடிக்கிற உரல். என் வீட்டுக்கு வந்தால் அந்தப் பையை முழுதாகக் காலி செய்யவே மாட்டாள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே கட்டில் காலோரம் வைத்திருப்பாள். "எடுத்து வைங்கத்தை" என்று என் மனைவி சொன்னால், "இருக்கட்டும்மா, மறுபடி அடுக்கணும்ல" என்பாள். அவளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டைக்கூட நான் ஒழித்துக் கொடுக்கவில்லை. முப்பது நாளைக்கு எதற்கு என்று தோன்றியது. சொந்த வீட்டில் எழுபது வயதுவரை எல்லாச் சாவியும் இடுப்பில் வைத்திருந்தவள் அவள்.

எங்களைவிட மோசமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பா மூத்தவன் வீட்டில், அம்மா இளையவன் வீட்டில் என்று இருவரையும் பிரித்துவிடுகிறார்கள். கேட்டால், "ஒரே வீட்ல ரெண்டு பேரைச் சமாளிக்க முடியாது" என்கிறார்கள். ஐம்பது வருடம் ஒரே கூரையில் சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்தவர்கள், பேரன் போனைக் கையில் கொடுத்தால்தான் ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடியும். அந்தப் போனிலும், "சாப்டியா", "மாத்திரை போட்டியா" என்று இரண்டு கேள்விதான் கேட்பார்கள். சுற்றிலும் ஆள் நிற்கும்போது வேறு என்ன பேசுவார்கள்? உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால், மற்றதைப் படிப்பதற்கு முன் அதை மாற்றுங்கள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மனவருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த முறை உயிருக்கே ஆபத்து என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஏப்ரல் மாதம், அண்ணன் வீட்டில், அம்மா திடீரென்று உளற ஆரம்பித்தாள். இருபது வருடத்துக்கு முன் விற்ற மாட்டை நடுராத்திரியில் தேடினாள். பேத்தியைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினாள். அண்ணன் எனக்குப் போன் செய்து, "வயசாச்சுல்ல, மூளை கலங்கிப்போச்சு" என்றான். நானும் "ஆமாண்ணே" என்றேன். மூன்றாம் நாள் எங்கள் அக்கா வந்து பார்த்துவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தது. ஒரே வாரத்தில் அம்மா தெளிந்துவிட்டாள். "மாட்டைத் தேடினியாமே" என்று கேட்டதற்கு வெட்கப்பட்டாள்.

வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் வெறும் குழப்பமாக அது வெளிப்படலாம். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று உளறினால் அது வயது இல்லை, உடனே பார்க்கவேண்டிய நோய். சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். அவரோடு தினமும் இருக்கிறவர்களுக்குத்தான் நேற்று எப்படி இருந்தார் என்பது தெரியும். மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிறவரின் நேற்றை அறிந்தவர் யார்? மார்ச்சில் தம்பி வீட்டில் அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறாள். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் மற்றவர்கள் தூக்கம் கெடும் என்று. அது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

மாத்திரை விஷயம் இன்னும் பயங்கரம். மூன்று ஊர், மூன்று டாக்டர். ஒருவர் எழுதிய சர்க்கரை மாத்திரையையே இன்னொருவர் வேறு கம்பெனிப் பெயரில் எழுத, அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, "என்னமோ பண்ணுது" என்று சொல்வாளாம். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி அது. சீட்டெல்லாம் ஓரிடத்தில் இருந்திருந்தால் எந்த மருந்துக்கடைக்காரரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். ஒரே ஃபைல் போடுங்கள். அதில் எல்லாச் சீட்டும், ரத்தப் பரிசோதனையும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் இப்போது போடுகிற மாத்திரைகளின் பெயரும் வேளையும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாத்திரையின் வணிகப் பெயரோடு, அட்டையில் இருக்கிற மருந்துப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வாரமே செய்யவேண்டிய வேலை இது. காது மந்தமாகிவிட்டதா, கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்காத காதைப் பிடிவாதம் என்று திட்டுகிற வீடுகள் எத்தனையோ.

வத்தலக்குண்டு பக்கம் எங்கள் ஊர். அப்பா கட்டிய வீடு, முன்னால் திண்ணை. முறை ஆரம்பித்த மூன்றாவது மாதமே அதை வாடகைக்கு விட்டுவிட்டோம். சும்மா பூட்டிக் கிடந்தால் கரையான் அரிக்கும் என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். எங்கே இருக்க ஆசை என்பதை அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் அக்காவிடம்: "நம்ம திண்ணையில கொஞ்ச நாள் உக்காந்திருந்தாப் போதும்." அக்கா எங்களிடம் சொன்னாள். வாடகைக்காரரை எப்படி உடனே கிளம்பச் சொல்வது என்றோம். தனியாக எப்படி விடுவது, ராத்திரி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றோம். எல்லாம் சரியான கேள்விகள்தான். ஒன்றுக்காவது பதில் தேடினோமா? இல்லை. அம்மா ஒரு ஜூன் மாதம், தம்பி முறையில், திருப்பூரில் இறந்தாள். உடலை ஊருக்குக் கொண்டுபோனோம். வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முன்கட்டை ஒழித்துக் கொடுத்தார்கள்.

இப்போது யோசித்தால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. மூன்று பேரும் அம்மாவுக்காகச் செலவழித்த பஸ், கார் வாடகையை மட்டும் சேர்த்திருந்தாலே பக்கத்துத் தெருப் பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு ராத்திரிப் படுக்கச் சொல்லியிருக்கலாம். பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, கட்டிலிலிருந்து அங்கே போகிற வழியில் இரவு விளக்கு, வழுக்காத தரை. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை; அப்படி விழாமல் தடுக்க இவை பெரிதும் உதவும். ஊர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிள்ளைகள் மூவரும் அக்காவும் மாதத்தில் ஒரு வாரம் ஒருவராக, அல்லது சனி ஞாயிறு ஒருவராக, ஊருக்குப் போயிருக்கலாம். எனக்கு மதுரையிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

எல்லாக் குடும்பத்துக்கும் ஊர் வீடு இருக்காது, தெரியும். அப்படியென்றால் ஒரு பிள்ளையின் வீட்டைப் பெற்றவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அங்கே நிரந்தரமாக ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு சாவி அவர்களுக்கு இருக்கட்டும். மற்ற பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நிற்காமல் அந்த வீட்டுக்கு வந்து தங்கி, பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு கொடுக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் மாதாமாதம் அனுப்பும் பணம் தேவைதான். ஆனால் ராத்திரி மூன்று தடவை எழுகிறவரின் தூக்கத்தை அந்தப் பணம் திருப்பிக் கொடுக்காது. விடுமுறையில் வந்தால் கோவில் குளம் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு, பத்து நாள் அம்மாவோடு அதே அறையில் படுங்கள். உங்கள் அண்ணியை அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

அண்ணி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகள் என்று மகனையும் மகளையும் பேரன் பேத்திகளையும் குறிப்பிடுகிறது. மருமகளை அது சொல்லவே இல்லை. நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சுவதும், படுக்கையை மாற்றுவதும், முதுகு தேய்த்துவிடுவதும் யார்? என் அம்மாவுக்கு நான் ஒரு நாளும் தலை துவட்டியதில்லை. என் மனைவி செய்தாள். அதற்கு நான் வாங்கிக்கொண்ட பெயர், "அம்மாவை நல்லா வச்சிருக்கான்." மகன்களே, பெற்றவளுக்குச் சோறு ஊட்டுவது உங்கள் கை செய்யவேண்டிய வேலை. மகள்களையும் விலக்கிவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1989-இலேயே குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. எங்கள் அக்காவை முறையிலும் சேர்க்கவில்லை, முடிவெடுக்கும் பேச்சிலும் சேர்க்கவில்லை. நோய் வந்தபோது மட்டும் கூப்பிட்டோம்.

சொத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். எழுதி வாங்கும்வரை ஒரு வீடு, எழுதி வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு வீடு என்ற கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. செட்டில்மெண்ட் எழுதப்போகிற பெற்றோர்களே, என்னைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து சொத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். மனுவை 90 நாளுக்குள் முடிக்கவேண்டும், மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த நிபந்தனையை எழுதச் சொல்லி நீங்களே முதலில் கேளுங்கள். மனதில் வேறு எண்ணம் இல்லாதவருக்கு அதில் என்ன நஷ்டம்?

படுத்த படுக்கையாக இருக்கிறவரை ஒற்றை அறை வீட்டில் வைத்துக்கொண்டு, இருவரும் வேலைக்குப் போயே தீரவேண்டிய குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. மறதி நோய் முற்றியவரை வீட்டில் பார்க்க முடியாமல், நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்து, வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறவர்களையும் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் பழி போடுகிற உறவினர்கள் முதலில் ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் சொல்வது, வசதி இருந்தும், வீடு இருந்தும், கேட்க மறந்தவர்களுக்கு. எனக்கு.

இன்றைக்கு மாதக் கடைசியாக இருந்து, உங்கள் வீட்டிலிருந்தோ உங்கள் வீட்டுக்கோ ஒரு கட்டைப் பை கிளம்பத் தயாராக இருக்கலாம். அதை நிறுத்துங்கள். டிவியை அணைத்துவிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். "அம்மா, நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படுற?" என்று கேளுங்கள். முதலில், "எனக்கென்னப்பா, எங்க விட்டாலும் சரி" என்றுதான் சொல்வார். எழுந்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.