யாருடைய கோப்பையில் குறை?



நகரத்தின் பெரிய கடையொன்றினுள் நுழைந்து பாருங்கள். தென்னமெரிக்காவின் கினோவா தானியம், சியா விதை, உலர்ந்த புளூபெரிப் பழம் என்பன அழகிய பொதிகளில் அடுக்கப்பட்டிருக்கும். 'சுப்பர்பூட்' என்பது இவற்றுக்கு வழங்கும் பொதுப் பெயர். சிறப்புணவு என நாம் சொல்லலாம். நமது வேலியோரத்து முருங்கையிலையும் இப்போது தூளாக்கப்பட்டுப் போத்தலில் அடைபட்டு, 'மொரிங்கா' என்னும் பெயருடன் உலகச் சந்தையில் விலைபோகின்றது.

இது வைத்தியம் இட்ட பெயரன்று. வாணிகம் இட்ட பெயர். எந்த உணவு சிறப்புணவு, எது அன்று என வகுக்கும் விஞ்ஞான வரையறை எதுவும் இல்லை. எனினும் இவற்றிற் சத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உடலைப் பேணுவது மனிதனின் கடமை என்பதையும் எவரும் மறுக்கார். அவ்வாறாயின் இதில் ஒழுக்கம் பற்றிய கேள்வி எங்கே எழுகின்றது என நீங்கள் வினவலாம்.

ஓர் உணவின் சிறப்பு அந்த உணவிலேயே தங்கியுள்ளதா, அன்றி அதை உண்பவரின் தேவையிலே தங்கியுள்ளதா? இதுவே கேள்வி. நமது பணமும் அக்கறையும் எத்திசையிற் செல்லவேண்டும் என்பது இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தது.

கப்பலிலே கிடைத்த பாடம்

1747ஆம் ஆண்டு, சோல்ஸ்பரி என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற 12 மாலுமிகளைத் தெரிந்தெடுத்தார். முரசு அழுகி, உடல் தளர்ந்து கிடந்தவர்கள் அவர்கள். இருவர் இருவராகப் பிரித்து, வினாகிரி, கடல்நீர் என ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்தார். ஓர் இணைக்கு மட்டும் நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் கிடைத்தன. ஆறு நாளிற் பழங்கள் தீர்ந்துபோயின. அதற்குள்ளாகவே அவ்விருவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையை அடைந்துவிட்டார்.

சாவின் வாயிலில் நின்ற மாலுமிக்கு அந்தப் பழம் அமுதமாயிற்று. ஆனால் நாள்தோறும் கீரையும் பழமும் உண்டு நலமாயிருக்கும் ஒருவருக்கு அதே பழத்தை மேலும் பத்தாகக் கொடுத்தால் என்ன நிகழும்? உடல் தனக்கு வேண்டிய அளவு விற்றமின் சியை எடுத்துக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பழம் ஒன்றே, பயன் ஒன்றன்று.

இக்கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. லிண்ட் தமது நூலை 1753இல் வெளியிட்டார். பிரித்தானியக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சஞ்சாறு வழங்கத் தீர்மானித்ததோ 1795இலேதான். தாமதத்துக்குக் காரணங்கள் பல. சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் பாதுகாக்கலாம் என லிண்டே கூறியிருந்தார். காய்ச்சுகையில் அதன் சத்து அழிந்தது. காரணம் எதுவாயினும், மருந்து கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் 40 ஆண்டுகளுக்கு மேலாக மாலுமிகள் மடிந்தனர். நல்லுணவு இதுவென அறிவது ஒன்று. அது தேவையுள்ளவன் கையிற் போய்ச் சேர்வது வேறொன்று.

எறிந்த தவிடு

1890களில் இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் வீழ்ந்தன. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறின. தவிட்டிலிருந்த அச்சத்தே பின்னர் தியமின் எனப் பெயர் பெற்றது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தஸ்தின் அடையாளமாகக் கருதப்பட்ட வெள்ளைச் சோறு நோயைத் தந்தது. எறிந்த தவிடு உயிரைக் காத்தது. நாம் உண்ணும் புழுங்கலரிசியிலும், நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகின்றது.

ஆகவே சத்து விலையைப் பார்த்து வருவதில்லை. முருங்கையிலையில் இரும்புச்சத்தும் கல்சியமும் உண்டு. உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பொருளும் நிறைய உண்டு. உலர்ந்த தூளைப் பச்சைப் பழத்தோடு நிறைக்கு நிறை ஒப்பிட்டு, "இத்தனை மடங்கு அதிகம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு தேக்கரண்டித் தூள் எங்கே, வீட்டாருக்கெல்லாம் பரிமாறும் ஒரு சட்டி முருங்கையிலை வரை எங்கே? குரக்கனில் நிறைக்கு நிறை பாலைவிடக் கல்சியம் அதிகம். ஆயினும் அது முழுவதும் உடலிற் சேர்வதில்லை. முள்ளோடு உண்ணும் நெத்தலியிலும் கல்சியம் உண்டு. கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதன் இரும்புச்சத்து உடலிற் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும். இவை அனைத்தும் நமது அடுக்களைக்கு எட்டியவையே.

சமபங்கு நீதியாகுமா?

இனி நமது வீட்டுக்கே வருவோம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் உரியதான திரிபோஷா மா, நமது நாட்டில் 1973இல் அறிமுகமாயிற்று. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா இலவசமாகவே வழங்கப்படுகின்றது. ஆனால் அந்தப் பொதி வீட்டுக்கு வந்ததும் என்ன நிகழ்கிறது? உருண்டை பிடித்து, மூத்த பிள்ளைகளுக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று எனப் பங்கிடப்படுவதுண்டு. யாருடைய பெயரில் வந்ததோ அவளுக்கும் ஒன்று.

இதை எவரும் களவு என்று சொல்லமாட்டார். எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்களே! பகிர்ந்துண்பது நமது பண்பாடு அல்லவா? உண்மைதான். ஆயினும், சமமாகப் பங்கிடுவதும் நீதியாகப் பங்கிடுவதும் எப்போதும் ஒன்றாவதில்லை. கர்ப்பிணியின் உடல் வேண்டிநிற்கும் இரும்புச்சத்து அவளது கணவனின் தேவையைவிடப் பன்மடங்கு அதிகம். தேவை சமமாக இல்லாதபோது சமபங்கு கொடுப்பவன், தன்னை அறியாமலே ஒருவரின் பங்கைக் குறைத்துவிடுகிறான்.

சோற்றுக் கோப்பையின் கதையோ இதனினும் மோசமானது. அங்கே சமபங்குகூட இல்லை. கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு, வந்த விருந்தினரும் உண்டு முடிந்தபின், சட்டியின் அடியில் எஞ்சிய குழம்போடு தாய் உண்கிறாள். மீன் துண்டு தீர்ந்திருக்கும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து, கொழும்பில் உணவு விலைகள் ஓராண்டுக்குள் 90 வீதத்துக்கு மேல் உயர்ந்திருந்த நாள்களில், முட்டையும் மீனும் பால்மாவும் எத்தனையோ வீடுகளில் எட்டாப் பொருள்களாயின. அவ்வேளையில் கடைசியாக உண்பவளின் கோப்பை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"அது தாயின் தியாகம், அதை ஏன் குறை கூறுகிறீர்கள்?" எனச் சிலர் கேட்பர். ஒருவர் தாமே விரும்பி ஏற்பது தியாகம். வழக்கம் என்ற பெயரில் ஒருவரிடமிருந்து நாள்தோறும் பெற்றுக்கொள்வதற்கு வேறு பெயர். அவள் கர்ப்பிணியாயின் அந்தக் குறையை அவளோடு சேர்ந்து சுமப்பது வயிற்றிலுள்ள குழந்தை. அக்குழந்தையிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. தியாகத்தைப் புகழும் கடமை நமக்கு இருக்கலாம். அதற்கு முன், அது தேவைப்படாதவாறு பங்கிடும் கடமை முதலில் உண்பவர்களுக்கு உண்டு.

"என் உழைப்பில் வந்த பணத்திற் சியா விதை வாங்குவது குற்றமா?" என்றும் கேட்கலாம். குற்றமன்று. விரும்பியதை வாங்கி உண்ணுங்கள். ஆனால் நிறைந்த கோப்பையில் மேலும் ஒன்றைச் சேர்ப்பதால் உங்களுக்கு வரும் நன்மை சிறிது. அதே பணத்தில் வாங்கிய முட்டையோ பயறோ நெத்தலியோ, குறைந்த கோப்பையொன்றில் விழுந்தால் வரும் நன்மை பெரிது. உடல்நலமே நமது நோக்கமாயின், அந்த நலம் எங்கே அதிகமாக விளையுமோ அங்கே நமது கண் செல்லவேண்டும். என் உடலுக்கு மட்டும் என்றால், அதை ஆசை என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். ஆரோக்கியம் என்று பெயரிட வேண்டியதில்லை.

இதற்குப் பெருந்திட்டங்கள் எதுவும் வேண்டாம். வீட்டிற் கர்ப்பிணி இருந்தால் மீனின் நல்ல துண்டை முதலில் அவளது கோப்பையில் வையுங்கள். அவளுக்குரிய மாவை அவளுக்கே விட்டுவிடுங்கள். முற்றத்து முருங்கை தழைத்து நின்றால், அயல்வீட்டாரும் ஒடித்துக்கொள்ளட்டும். இன்றிரவு இரண்டாம் முறை கறிக்குக் கை நீட்டுமுன், இன்னும் உண்ணாதவர் யார் என ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உணவின் சிறப்பு எங்கே தங்கியுள்ளது என்ற கேள்விக்கு, நமது வீட்டுக்குரிய விடையை அங்கிருந்து காண முயல்வோமாக.