அயலான் கண்ணாடி

தன் முகத்தைத் தானே காண மனிதனால் இயலாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். சமுதாயத்தின் நிலையும் இத்தகையதே. தன் குறையை அறிய அது அயலானின் கண்ணை நாட வேண்டியிருக்கிறது. ஆனால், அந்த அயலானையும் நாமே படைத்து, அவன் பேச வேண்டியதையும் நாமே எழுதிக் கொடுத்தால், அதனை நீதியான சாட்சியம் எனலாமா? ஸ்பானிய இலக்கியத்தின் புகழ்பெற்ற நூலொன்று இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் பகுத்தறிவின் குரல் ஓங்கியது. ஸ்பெயினில் அக்குரலை எழுப்பிய எழுத்தாளர்களுள் ஹோசே கதால்ஸோ (1741–1782) குறிப்பிடத்தக்கவர். காதிஸ் நகரிற் பிறந்த அவர், படையதிகாரியாகப் பணியாற்றியவர். அவர் இயற்றிய நூலே 'மொராக்கோக் கடிதங்கள்'.

அது பிறந்த சூழல் அறியத்தக்கது. 1766ஆம் ஆண்டில் மொராக்கோ சுல்தான் முஹம்மத் பின் அப்துல்லாஹ், அஹ்மத் அல்கஸ்ஸால் என்பாரை ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸிடம் தூதராக அனுப்பினார். சமாதானம் பேசுவதும், அங்கே சிறைப்பட்டிருந்த முஸ்லிம்களை மீட்பதும் அவர்தம் பணிகளாயிருந்தன. மறு ஆண்டு இரு நாடுகளுக்குமிடையே உடன்படிக்கை ஏற்பட்டது. தாம் கண்டவற்றை அவர் அறபு மொழியில் பயண நூலாகவும் எழுதி வைத்தார்.

இத்தூதின் நினைவிலேயே கதால்ஸோ, கஸெல் என்னும் மொராக்கோ இளைஞனைக் கற்பனை செய்தார். தூதருடன் வந்த கஸெல் ஸ்பெயினிலேயே தங்குகிறான். தாயகத்திலுள்ள முதிய ஆசான் பென் பெலெய்க்கும், ஸ்பானிய நண்பர் நூனோவுக்கும் அவன் மடல் எழுத, அவர்களும் மறுமொழி விடுக்கின்றனர். வீண் ஆடம்பரம், பரம்பரைப் பெருமை, கலைகளிலும் விஞ்ஞானத்திலும் நாடு பின்தங்கிய நிலை ஆகியவை எல்லாம் அம்மடல்களில் ஆராயப்படுகின்றன.

இதில் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு. முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை 1609 முதல் 1614 வரை நாடு கடத்திய மண் அது. சமய விசாரணை மன்றம் அப்போதும் அங்கே உயிரோடிருந்தது. அம்மண்ணில் ஒரு முஸ்லிம் முதியவரை அறிவும் நற்பண்பும் மிக்கவராகவும், கிறிஸ்தவ நண்பருக்கு நிகரானவராகவும் காட்டியது சிறிய காரியமன்று.

எனினும், துலாக்கோலின் மறு தட்டையும் நோக்க வேண்டும். சமயத்தைப் பற்றியும் அரசாட்சியைப் பற்றியும் இம்மடல்கள் பேசவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. முஸ்லிம் வந்தான், அவனது மார்க்கம் வாசலிலேயே நின்றுவிட்டது! ஓரிடத்தில் ஸ்பெயினின் அமெரிக்க வெற்றிக்காகவும் வாதாடப்படுகிறது. நம்மைக் கொடியவர் என்போரே ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்குகின்றனரே என்பது அவ்வாதம். அக்குற்றச்சாட்டு உண்மையே. ஆயினும், பிறன் செய்த பாவம் நம் பாவத்தைக் கழுவிவிடுமா?

உண்மையான தூதர் தாம் கண்டதை அறபியில் எழுதினார். ஸ்பெயின் மக்கள் படித்ததோ, கதால்ஸோ எழுதிக் கொடுத்த கஸெலின் சொற்களையே. அந்த மென்மையான சொற்களும் ஆசிரியரின் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1782இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் அவர் குண்டுக்கு இரையானார். 1789இல்தான் மாட்ரிட் நகரப் பத்திரிகையொன்றில் மடல்கள் வெளிவரலாயின. 1793இல் அவை தனி நூலாயின.

ஆகவே, அவரைக் குறைகூறி நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. சாட்சியம் தமக்கே பாதகமாக அமையினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு திருமறை பணிப்பது நம்மையல்லவா? குர்துபாவின் பெருமையையும் கர்னாத்தாவின் எழிலையும் மேடைதோறும் பேசுகிறோம். அயலூரான் ஒருவன் நம் தெருவுக்கு வந்து, நம் திருமண வீட்டையும், நம் கொடுக்கல் வாங்கலையும், ஏழை உறவினரை நாம் நடத்தும் விதத்தையும் கண்டு எழுதினால், அம்மடலை நம் பிள்ளைகளின் முன்னிலையில் உரக்கப் படிக்கும் துணிவு நமக்குண்டா?

அயலான் கண்ணை இரவல் பெறுவது தவறன்று. அவன் நாவையும் நம் வசமாக்கிக்கொள்வதே தவறு. நமக்குக் கசப்பதையும் அவன் சொல்ல விட்டு, பொறுமையோடு செவிமடுப்பதே இன்ஸாஃப். அத்தகைய நெஞ்சுரத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!