அம்மா வாசிக்காமல் விட்ட வரி

அம்மா ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது தோட்ட நிர்வாகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பாட்டிக்கு எழுத்து தெரியாது. இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு மதியம் திரும்புகிறவர். கடிதம் மலாயில் இருந்தது. லயத்தில் அதை வாசிக்கக் கூடியவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்தான்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி, கடைசி நாளையும் குறிப்பிட்டிருந்தார்கள். அம்மா அந்த நாளை மட்டும் வாசிக்கவில்லை. "வேற வீடு பாக்கணுமாம்மா" என்று நிறுத்திக்கொண்டார். தாத்தா வந்த பிறகு அவரிடம் தனியாக முழுவதையும் சொன்னார்.

"அன்னிக்கு நான் பொய்தானே சொன்னேன்" என்று அம்மா இப்போதும் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கண் தாளிலும் ஒரு கண் பாட்டியின் முகத்திலும் இருந்திருக்கிறது. எந்தச் சொல் எவ்வளவு கனக்கும் என்று அந்த வயதிலேயே நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. அதற்காக இதைப் பெருமையாகப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய கடிதமா அது?

கதை படித்தால் பிள்ளைகளுக்கு இரக்கம் வரும் என்கிறார்கள். 2013-இல் 'சயன்ஸ்' இதழில் கிட், கஸ்தானோ என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கியக் கதையைச் சிறிது நேரம் வாசித்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்து அடுத்தவரின் உணர்ச்சியைக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்களாம். 2016-இல் வேறு குழுவினர் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இரண்டாவது செய்திதான் முக்கியம். அதோடு, அந்த ஆய்வுகளில் வாசித்தவர்கள் பெரியவர்கள். அவர்கள் தனியாக வாசித்தார்கள். பிள்ளைகள் முதலில் அப்படி வாசிப்பதில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஈப்போ புந்தோங்கில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு வாசிக்க உதவுகிறேன். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்த முதல் நாளே, "எனக்குப் படிக்க வராதுண்ணே" என்றான். எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் எல்லாம் சொல்கிறான். வரியாகச் சேர்த்து, அதுவும் நாலு பேர் முன்னால் என்றால், குரல் உள்ளே போய்விடுகிறது. வகுப்பில் எழுந்து நின்று தடுமாறியிருக்கிறான், மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. தமிழில் 247 எழுத்து, மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரோமன் எழுத்து, வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. இதெல்லாம் ஏழெட்டு வயதில். இவ்வளவுக்கும் நடுவில் வாசிப்பிலிருந்து அவன் முதலில் கற்றுக்கொண்டது கூச்சம்.

என் அம்மாவும் திக்கித் திக்கித்தான் வாசித்திருப்பார். ஆனால் அங்கே சிரிக்க ஆளில்லை. அந்த வாசிப்பு வீட்டுக்குத் தேவைப்பட்டது. 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழின் மாணவர் மணிமன்றத்தில் எழுதிய பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் எழுதியதை இன்னோர் ஊரில் இருந்தவர் வாசித்தார். பிற்பாடு ஊர் ஊராக மணிமன்றங்கள் தோன்றி, அவர்கள் நேரிலும் கூடினார்கள். மதிப்பெண்ணுக்காக வாசித்திருந்தால் கூடியிருப்பார்களா? இன்று நாம் புத்தகம் வாங்கித் தருகிறோம், நூல்நிலையம் திறக்கிறோம். பிள்ளை வாசிப்பதைக் கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. எனக்கும் வாரத்தில் ஒரு நாள்தான்.

அந்தப் பையனை என்னிடம் வாசிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். கூட வரும் நான்கு வயதுத் தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். தெரியாத இடத்தில் சொந்தமாகக் கதை விட்டான். "அப்புறம்?" என்றாள் அவள். அடுத்த பக்கத்தைத் திருப்பினான். சில மாதம் இப்படிப் போனது.

இந்த ஆண்டு அவள் பாலர் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். போன சனிக்கிழமை நடுவில் நிறுத்தி, விரலை வைத்து, "அது 'ம' இல்லண்ணே, 'ய'" என்றாள். எனக்குத் திக்கென்றது. அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, "அப்ப நீ படி, நான் கேக்குறேன்" என்றான்.