காருக்கடியில் படுத்துப் பார்!

கூச்சப்படாதே தம்பி! நீ கூச்சப்பட்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் உன் பணத்திலிருந்துதான் விலை போகிறது. ராமநாதபுரத்தில் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போகிறாய். வெள்ளை ஆல்டோ ஒன்றைச் சுற்றி ஒரு தடவை நடக்கிறாய். டயரைக் காலால் தட்டுகிறாய். கதவைத் திறந்து மூடுகிறாய். "சிங்கிள் ஓனர் வண்டிண்ணே, டாக்டர் ஓட்டுனது" என்கிறார் புரோக்கர். நீ தலையாட்டுகிறாய். உனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அந்தத் தலையாட்டலிலேயே அவர் முடிவுகட்டிவிட்டார். அதைவிடக் கொடுமை, நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

யார் சொன்னது உனக்குத் தெரியாதென்று? நீ தங்கச்சிமடத்துப் பிள்ளை. ஜன்னல் கம்பி பொரிந்து பொரிந்து உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவன். கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் போட்டால் என்ன ஆகும் என்று பத்து வயதிலேயே உன் அப்பா சொல்லித் தந்திருப்பார். உப்பு இரும்பை என்ன செய்யும் என்ற பாடத்தில் நீ பிறவிப் பட்டதாரி! பழைய காரின் நோய்களில் பாதி, நம் கரையில், அந்த ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாதவன் போல நிற்பதை அடக்கம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பாம்பனைப் பார். 1914இல் திறந்த ரயில் பாலம். எத்தனை கோட் பெயின்ட் அடித்தார்கள், எத்தனை இரும்புப் பாகங்களை மாற்றினார்கள்! ஆனாலும் துருவும் தேய்மானமும் விடவில்லை. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். இரும்பின்மேல் பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு பூசினார்கள். ரயிலைத் தாங்குகிற இரும்புக்கே இந்தக் காப்பு வேண்டியிருக்கிறது. உன் ஆல்டோவின் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. அந்தக் கார் பத்து வருடமாக எந்தத் தெருவில் நின்றது, கடலுக்கு எத்தனை அடி தள்ளி நின்றது? இதுதான் உன் முதல் கேள்வி. மைலேஜைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கைலியை மடித்துக் கட்டு. தரையில் ஒரு சாக்கை விரி. படு! சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். உள்ளே செல்லரித்த காரை எந்த சோப்பும் காப்பாற்றாது. கையில் ஒரு டார்ச்சும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற அடிப்பட்டையை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. பொதுக்கென்று அமுங்கினால் பெயின்ட்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே வளைவின் உள்விளிம்பைத் தடவிப் பார். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே தெரிவது பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம்தான். காலடி மேட்டைத் தூக்கிப் பார். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைப் பார். "எதுக்குண்ணே அதெல்லாம்" என்று குரல் வந்தால் அங்கேயே கொஞ்சம் கூடுதலாகப் பார்.

அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதுக் கருப்புப் பூச்சு மினுமினுக்கிறதா? சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. நேற்று அடித்த பூச்சு நாளைய காருக்காக இல்லை, இன்றைய உன் கண்ணுக்காக. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவு, ஃபெண்டர், பின்பக்கம் என்று ஓட்டிக்கொண்டே போ. ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதிலாக பட்டி அப்பியிருக்கிறது என்று பொருள். (பம்பரில் ஒட்டவில்லை என்று சண்டை போடாதே, அது பிளாஸ்டிக்.)

கதவிலும் ஃபெண்டரிலும் துரு என்றால் டிங்கரிங் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். பானட்டைத் திறந்ததும் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காருகிற இடம் தெரியும். அங்கே அரித்திருந்தால், அல்லது அடியில் எஞ்சினையும் லோயர் ஆர்மையும் தாங்குகிற சட்டம் அரித்திருந்தால், பேரமே வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்! அந்தக் காரில் உன் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள்.

பானட் திறந்தபடியே இருக்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திற. சூடாக இருக்கும்போது கை வைக்காதே. வெந்நீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்கிறதா, சேறு மாதிரி பழுப்பாக இருக்கிறதா? நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர் என்பது உனக்குத் தெரியும். கூலன்ட்டுக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் அந்தத் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றிய கார்கள் உண்டு. ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும், எஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கிறதோ என்று மெக்கானிக்கிடம் கேட்காமல் நகராதே. அதற்கு முன்னால், நீ போனதும் பானட்டைத் தொட்டுப் பார். ஏற்கெனவே சூடாக இருந்தால் உனக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் முறுக்கில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

பேட்டரி முனையிலும் எர்த் வயரிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா பார். ஹெட்லைட் மங்குவதும் ஃபேன் திடீரென்று நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஏ.சி.யைக் கால் மணி நேரமாவது ஓட விடு. முன்னால் இருக்கிற கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று பொடித்துவிடும்; கேஸ் நிரப்பிக் காட்டினால் இரண்டு நாள் குளிரும், மூன்றாம் வாரம் உன் பாடு.

எந்தக் கார் என்று கேட்கிறாயா? 1983இல் வந்து 2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்ற மாருதி 800, அதன் எஞ்சின் வழியில் வந்த ஆல்டோ, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த பழைய சான்ட்ரோ, இவற்றில் டைமிங் பெல்ட் இருக்கிறது. கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று கேள். பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழி. ஓடும்போது அறுந்தால் சில எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். 2010க்குப் பிறகு வந்த கே-சீரிஸ் எஞ்சின் வேகன் ஆரில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பது ஒரு நிம்மதி. உதிரிபாகம் பரமக்குடியிலும் கிடைக்கும் காரை வாங்கு என்பேன் நான்; சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற கார் நம் வீட்டுக்கு ஆகாது. வாரத்துக்கு இரண்டு முறை சந்தைக்குப் போக டீசல் கார் எதற்கு?

கீழக்கரைப் பக்கம் ஒரு தனி ரகம் உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், கார் வாசலில் நிற்கும். மீட்டரைப் பார்த்தால் வாயைப் பிளப்பாய், அவ்வளவு குறைவு. ஓடாத கார் புதுக் காராகிவிடாது. கடற்காற்றில் சும்மா நின்ற காரில் பிரேக் ஒட்டிக்கொள்ளும், டயர் வெடிப்பு விடும், எலி வயரைக் கடிக்கும், பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். குறைந்த கிலோமீட்டருக்குக் கூடுதல் விலை கேட்டால் இதையெல்லாம் சத்தமாகச் சொல். தங்கச்சி, இது உனக்கும்தான். பெண் ஒருத்தி கேள்வி கேட்டால் பதிலைப் பக்கத்தில் நிற்கிற அண்ணனைப் பார்த்துச் சொல்கிற புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நான்தான் கேட்டேன், என்கிட்ட சொல்லுங்க" என்று சொல். ஓட்டிப் பார்க்கிற சாவியையும் நீயே வாங்கு.

கார் தீவுப் பக்கம் நிற்கிறதென்றால் ஓட்டிப் பார்க்க நம்மிடம் இருக்கிற இடம் வேறு யாரிடமும் இல்லை: 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதி. எஞ்சின் மட்டும் அலறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பாலத்தின் நடுவே கடல் பார்க்க நிறுத்தாதே, அதற்கு வேறு நாள் இருக்கிறது. இறங்கியதும் ஒரு குண்டும் குழியுமான தெருவுக்குள் விடு. ஸ்டியரிங்கில் டக்டக்கென்று தட்டுகிறதா, புஷ் போயிருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேள். பாட்டை அணைக்கச் சொல்.

ஆர்.சி.க்கு வருவோம். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு எஃப்.சி.யில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். "15 வருஷம் முடிஞ்சா உடைக்கணும்" என்பது இங்கே இல்லை. டெல்லிப் பேச்சை இங்கே கலக்காதே. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. சேசிஸ் நம்பரைத் துரு தின்றிருந்தால் ஆய்வில் நீதான் நிற்க வேண்டும், அதனால் அதை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. கடன் பதிவு இருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதே. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை அன்றே வாங்கு. "பெயர் மெதுவா மாத்திக்கலாம்" என்று விற்பவர் இழுத்தால், 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டு: கார் கைமாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. அதற்குப் பிறகு அவரே உன்னை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று.

கடைசியில் விலை. கண்ட குறைகளை ஒரு தாளில் எழுது, ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டறையில் கேட்ட செலவைப் போடு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து புதுக் கார் விலையே இறங்கியிருக்கிறது, பழைய விலையைப் பேசாதீங்க என்று சொல். குரலை உயர்த்தாதே. தாளை அவர் முன்னால் வை. "இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்கண்ணே" என்பார். வரட்டுமே! அவர்கள் வாங்கட்டும். "சரிண்ணே" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு எழுந்து வா. நீ வாசலைத் தாண்டுவதற்குள் விலை இறங்கினால் உட்கார்ந்து பேசு. இறங்கவில்லை என்றால் பரமக்குடியிலும் மதுரையிலும் கடலே பார்க்காத கார்கள் விலைக்கு நிற்கின்றன. காலை முதல் பஸ்ஸைப் பிடி, எஞ்சினை யாரும் சூடாக்கி வைப்பதற்கு முன்னால் போய்ச் சேர். சாக்கை மறக்காதே.