தனியறையும் பொதுமேசையும்

நூலகம் என்றதும் நாம் நூல்களையே நினைக்கின்றோம். அந்நூல்களோடு அமர்வதற்குரிய இடத்தை நினைப்பதில்லை. ஆயினும், பரீட்சைக் காலத்திற் பல்கலைக்கழக நூலகமொன்றினுள் நுழைவோர் முதலில் உணர்வது நூற்பற்றாக்குறையை அன்று, இருக்கைப் பற்றாக்குறையையே. ஒருபுறம் ஆய்வாளருக்கென ஒதுக்கப்பட்ட அறைகள். மறுபுறம் இடந்தேடி நிற்கும் மாணவர். இங்கு எழும் வினா நிர்வாகம் பற்றியது மட்டுமன்று; அறம் பற்றியதுமாகும். எல்லோர்க்கும் போதாத இடத்தை எதனை நோக்கிப் பகிர்வது? முந்தி வந்தமையையா, தகுதியையா, தேவையையா?

முந்தி வந்தவருக்கே இடம் என்னும் விதி பாரபட்சமற்றது போலத் தோன்றும். ஆனால் முந்தி வருவதற்கும் வசதி வேண்டும். வளாகத்தருகே விடுதி வாய்த்தவரும், தொலைவிலிருந்து பஸ்ஸேறி வருபவரும், வீட்டு வேலைகளை முடித்த பின்னரே புறப்படக்கூடிய பெண்ணும் சமநிலையில் நாளைத் தொடங்குவதில்லை. கொப்பியொன்றை மேசையில் வைத்துவிட்டுச் சிற்றுண்டிச்சாலையில் இரண்டு மணிநேரம் இருப்பவரையும் இவ்விதி காப்பாற்றிவிடுகின்றது.

தகுதி என்னும் அளவுகோலை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. பத்து நூல்களைப் பலநாள் விரித்துவைத்து ஒப்புநோக்க வேண்டிய ஆய்வைப் பொதுமேசையில் நடத்துவது கடினம். தொடர்ந்த சிந்தனைக்குத் தனிமை துணையாகும். ஆயின், தனிமையின்றி ஆய்வே இல்லை என்பதும் மிகைக்கூற்றே. இலண்டன் பிரித்தானிய அரும்பொருளகத்தின் வட்ட வாசிப்பு மண்டபம் 1857இல் திறக்கப்பட்டது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதிக்கான உழைப்பிற் பெரும்பகுதியை மார்க்ஸ் அந்நூலகத்திலேயே, ஏனைய வாசகர் மத்தியிலிருந்தே செய்தார்.

மேலும், தகுதியை அளப்பவர் யார் என்ற வினாவும் உண்டு. வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜ் மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய உரைகள் மறுவாண்டு நூலாயின. எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும் தனியறையும் வேண்டும் என்பதே அதன் வாதம். அதே நூலில், அறிமுகக் கடிதமின்றித் தனியே வந்தமையால் கல்லூரி நூலக வாயிலிலேயே பெண்ணொருத்தி திருப்பி அனுப்பப்படுகின்றாள். தகுதியின் பெயரால் மூடப்படும் கதவு, தகுதி பெறுவதற்கான வழியையும் மூடிவிடுகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இனித் தேவையை நோக்குவோம். சமையலும் உறக்கமும் தொலைக்காட்சியும் ஓரறைக்குள் அடங்கும் வீடுகள் கொட்டாஞ்சேனையில் உள. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் ஒரு மேசையை உடன்பிறந்தோர் முறைவைத்துப் பகிர்வதுண்டு. இத்தகையோருக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் போன்ற ஓரிடம், நூல்களின் இருப்பிடம் மாத்திரமன்று. வீட்டில் இல்லாத அறையுமாகும்.

சொந்தக் குறிப்புகளை மட்டும் படிப்பவர் நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஆவரோ எனச் சிலர் வினவுவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்னும் கருத்தினது. நூலின் பயன் வாசகன் சிந்திப்பதிலேயே முழுமையடைகின்றதெனின், சிந்திப்பதற்கு இடமளிப்பதும் நூலகத்தின் கடமையே. இன்று தன் குறிப்புகளோடு வந்தமர்பவர் நாளை அலுமாரியை நாடவுங்கூடும். வாயிலில் நின்று திரும்பியவர் நாடப்போவதில்லை.

அவ்வாறாயின் தனியறைகளை அகற்றிவிடலாமா? அது தேவையில்லை. அறை ஆய்வுப் பணிக்குரியது. ஆய்வாளரின் பதவிக்குரியதன்று என்னும் தெளிவே வேண்டும். பணி முடிந்ததும் அறை அடுத்தவருக்குச் செல்லவேண்டும். பூட்டிக் கிடக்கும் பொழுதில் பிறருக்குத் திறக்கப்படவேண்டும். பொதுமேசையில் இடமின்றி ஒருவர் நிற்கையில் வெற்றறையொன்றின் திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பது, விதிப்படி சரியாயினும் அறத்தின்படி சரியன்று.

நமது வரலாற்றில் இதற்குச் சான்றுண்டு. 1933இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். தனியொருவரின் வீட்டில் முளைத்த அம்முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் இரங்கநாதனும் ஒருவர். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்த எண்ணிக்கையை நாம் அடிக்கடி நினைவுகூர்கின்றோம். அங்கு நாள்தோறும் வந்தமர்ந்தோர் இழந்த இருக்கைகளை எவரும் எண்ணியதில்லை. அவையும் இழப்பே.

தனியறை என்பது பொதுமேசையிடமிருந்து பெற்ற கடன். அங்கு உருவாகும் அறிவு பொதுமேசைக்குத் திரும்பும்போதே அக்கடன் தீர்கின்றது.