நான்கில் ஒரு பங்கு

2021 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனில் மாட்டிக்கொண்ட பெண்கள் கொட்டகை போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஐம்பது நாட்களைத் தாண்டியும் அது நீடித்தது. வாங்கும்போது தெரியவில்லையா, கட்டும்போதுதான் நியாயம் பேசுவதா என்று அவர்களைக் கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்றும் அதே கேள்வி மாத்தளையிலும் அலுவிகாரையிலும் தேநீர்க் கடைகளில் கேட்கிறது.

கேட்பவர்களில் பலர் நல்லவர்கள்தான். அவர்கள் மனதில் இருப்பது பழைய, நேரான அறம்: கடன் இருக்கிற வீட்டில் காசு இருக்கக் கூடாது. கையில் வருவதை முதலில் கடன்காரனுக்குக் கொடு, மிஞ்சினால் உன் பிள்ளைக்கு வை. கேட்பதற்கு இது நேர்மையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தனக்கென்று எடுத்து வைப்பது குற்றமன்று. எடுத்து வைக்காமல் இருப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் பிழை.

நுண்கடன் எப்படி வசூலாகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கிழமைக்கு ஒரு நாள், யாரோ ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் குழுவிலுள்ள பெண்கள் கூடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தர் புத்தகத்தை விரிக்கிறார். ஒருத்தி காசு கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் அவளுடைய பங்கையும் போட வேண்டும். அதுவரை கூட்டம் கலையாது. பிணையாக வைத்தது காணியையோ நகையையோ அல்ல, அயல்வீட்டாரின் முகத்தை. அந்த வெட்கத்துக்கு அஞ்சித்தான் அரிசிக் காசும் மருந்துக் காசும் அந்தப் புத்தகத்துக்குள் போகின்றன. அடுத்த கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கம்பனியில் கடன் எடுத்து முதலாவதைக் கட்டுகிறார்கள். மூன்றாவது வாசலில் நிற்கிறது.

வட்டிக் கணக்கும் அப்படியே. 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 20 வீதம் என்று சொல்லி, 10,000 ரூபா வட்டியை முதலிலேயே சேர்த்து 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்குச் சுமார் 1,155 ரூபா. 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஆரம்பக் கிழமைகளிலேயே கடனின் முதல் குறையத் தொடங்கிவிடுகிறது, வட்டியோ முழு 50,000க்கும் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. உண்மையான வீதம் 35ஐத் தாண்டிவிடும். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் சாதாரணக் கடனுக்கு மாதம் நூறு பணத்துக்கு ஒன்றேகால் பணம், அதாவது ஆண்டுக்கு 15 வீதம் என்று வரம்பு கட்டியது. சேர்ந்த வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்றது மனு நூல். கடனாளி இடுக்கணில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு என்கிறது குர்ஆன். ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விட்டுவிடு என்றது விவிலியத்தின் உபாகமம். 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன் நிலுவைகளை அரசு ஏற்கும் என்று அறிவித்தபோது, இனிமேல் வட்டிக்கு உச்சவரம்பு 35 வீதம் என்றும் சொன்னார். நிவாரணமாக அறிவித்த வரம்பே கௌடில்யரின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கியும் வசூலுக்கு வருவோர் பெண்களை அச்சுறுத்துவது பற்றிக் கவலை தெரிவித்தார். இத்தனை நூல்களும் கடன் கொடுத்தவனுக்கு எல்லை வகுத்திருக்க, கடன் வாங்கியவளுக்கு மட்டும் எல்லையில்லாத கடமையைச் சுமத்துவது எந்த அறம்?

அலுவிகாரையில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மாத்தளை நகருக்கு வடக்கே ஏ-9 வீதியோரம் இருக்கும் இந்தக் குகை விகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த பாளித் திரிபிடகம் ஓலையில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த காலம் அது. மனப்பாடமாகத் தாங்கிய பிக்குகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம் வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இல்லாமையின் நடுவிலேயே இருப்பைக் காப்பாற்றினார்கள்.

அங்கே ஓலையேறிய சூத்திரங்களில் ஒன்று சிகாலோவாத சூத்திரம், இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சொல்வது. வருவாயை நான்காகப் பிரி, ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் இடு, நான்காவதை இடர் வரும் நாளுக்கு வை என்பது அதன் உபதேசம். கடன் தீர்ந்த பிறகு நான்காவது பங்கை வை என்று அது சொல்லவில்லை. இடர் கடனாளி வீட்டுக்கும் வருகிறது, சொல்லப்போனால் முதலில் அங்கேதான் வருகிறது. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் அனாதபிண்டிகருக்குச் சொன்ன இல்லறத்தானின் நான்கு இன்பங்களில் கடனின்மையும் ஒன்று. அது மூன்றாவதாக வருகிறது. பொருள் உடைமையும் அதை நுகர்தலும் அதற்கு முன் நிற்கின்றன. (நான்காவதான குற்றமின்மைக்கு முதல் மூன்றும் பதினாறில் ஒரு பங்கும் ஈடாகா என்று அந்தச் சூத்திரமே முடிப்பதையும் மறைக்கக் கூடாது.) அதே நிகாயம் ஏழ்மையும் துன்பம், கடனும் துன்பம், வட்டியும் துன்பம் என்று படிப்படியாக அடுக்குகிறது. படியின் தொடக்கம் ஏழ்மை. கையிருப்பே இல்லாத வீட்டில் கடன் மீண்டும் பிறக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தமிழ் மரபும் வேறு பேசவில்லை. வருவாய் சிறிதானாலும் கேடில்லை, செலவு அதைவிட அகலாதிருந்தால் போதும் என்பது வள்ளுவர் கருத்து. தவணையும் செலவுதான், வருவாய் முழுவதையும் விழுங்கும் தவணைக்கு ஒப்புக்கொள்வதும் செலவை அகலவிடுவதுதான். முதலைவிடச் செலவு மிகுந்தவன் மானமிழப்பான் என்று நல்வழியில் ஔவை எச்சரித்தாள். மேடைக்கு மேடை கம்பனையும் இழுப்பார்கள். இராவணனின் கலக்கத்தைக் கடன்பட்டவர் நெஞ்சோடு ஒப்பிடும் அந்த அடி கம்பராமாயணத்தில் இல்லை என்பது வேறு விடயம்.

நாட்டின் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தீர்ப்புக் கடனுக்காக ஒருவனுடைய பொருளைக் கைப்பற்றும்போதும், குடும்பத்துக்குத் தேவையான உடுப்பு, படுக்கை, தொழிற்கருவி ஆகியவற்றைத் தொடக் கூடாது என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது, முதலாளி 12 வீதம் போடுகிறார். அந்தத் தொழிலாளி கடனாளியா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. கடனாளியும் சேமிக்கத்தான் வேண்டும் என்று அரசே அறுபது வருடத்துக்கு மேலாகக் கட்டாயப்படுத்தி வருகிறது. அதே அரசு 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தி வைத்தது. கையில் மிஞ்சிய டொலர் எரிபொருளுக்கும் மருந்துக்கும் உணவுக்கும் வேண்டும் என்பதே காரணம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, அப்படிச் செய்ததற்காக எவரும் நாட்டை நாணயமில்லாதது என்று சொல்லித் தூற்றவில்லை. நாட்டுக்குப் பொருந்திய நியாயம் லயத்து அறையில் அடுப்பெரிக்கும் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது?

எதிர்வாதம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். வள்ளல் குமணனிடம் பரிசில் பெற்று வந்த புலவர் பெருஞ்சித்திரனார், புறநானூற்றில், பசித்த நாளில் நாம் திருப்பித் தருவதாகச் சொன்னதை நம்பி நமக்குக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் கொடு, சேர்த்து வைத்து வாழலாம் என்று எண்ணாதே என்று தன் மனைவியிடம் சொல்கிறார். அது பெரிய மனது. அயல்வீட்டில் வாங்கிய அரிசிக்கும் தங்கையிடம் வாங்கிய காதுத்தோட்டுக்கும் அந்த அறம் முழுதாகப் பொருந்தும். அவர்கள் பட்டினி கிடக்க நாம் ஒளித்து வைப்பது திருட்டுத்தான். ஆனால் குமணனின் வள்ளல்தன்மைக்கும் குழுக் கடன் புத்தகத்துக்கும் இடையே தூரம் அதிகம்.

இன்னொரு எதிர்வாதம் கணக்குப் பிள்ளையுடையது: 35 வீத வட்டி கட்டிக்கொண்டு வங்கியில் சொற்ப வட்டிக்குப் போடுவது முட்டாள்தனம். போட்டுப் பார்க்கலாம். கிழமைக்கு 100 ரூபா, ஆண்டுக்கு 5,200. அதைக் கடனுக்கே கட்டியிருந்தால் மிஞ்சும் வட்டி ஆயிரம் ரூபாவைக்கூட எட்டாது; தவணைக்கு மேல் கட்டினாலும் வட்டி குறையாத ஒப்பந்தங்களும் உண்டு. அந்த 5,200 இல்லாமல், மழைக்காலத்தில் வேலை நின்ற கிழமை மீற்றர் வட்டிக்காரரிடம் மாதம் பத்து வீதத்துக்கு 5,000 வாங்கினால் மூன்று மாதத்தில் வட்டி மட்டும் 1,500. கணக்கும் அறத்தோடுதான் நிற்கிறது.

அலுவிகாரை வழியாகப் போகும் இதே வடக்கு வீதியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் தோட்டத் தமிழர். வரும்போதே கங்காணியின் முற்பணம் கழுத்தில் ஏறியிருந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டைப் புதிய துரை தீர்க்க வேண்டும். கடன் தீராதவரை ஆள் விடுதலை இல்லை, தீர்ந்ததாகவும் இல்லை. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. உழைத்த காசு முழுவதும் கடனுக்கே என்ற வாழ்க்கையை அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பார்த்தவை. அவற்றின் பேரப்பிள்ளைகளுக்கு அதையே அறம் என்று மீண்டும் போதிக்க யாருக்கும் உரிமையில்லை.

எடுத்து வைக்கும் பங்கு சிறிதாக இருக்கட்டும். ஒளித்து வைப்பதாக இருக்க வேண்டாம். நான்கில் ஒன்று முடியாதவர் இருபதில் ஒன்று வைக்கலாம். மீதி, வட்டி அதிகமான கடனுக்கு முதலில் போகட்டும். சேர்த்த காசில் நகை வாங்கி ஈடு வைத்து விளையாடுவதும், இரட்டிப்பாகத் தருகிறேன் என்பவரிடம் கொடுப்பதும் சேமிப்பல்ல. 2008இல் கோல்டன் கீ, 2020இல் ஈ.டி.ஐ. ஃபினான்ஸ் என்று வைப்புத் திரட்டிய கம்பனிகள் வரிசையாக விழுந்ததில் ஏமாந்தவர்களும் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள்தான். கிராமத்து மரண உதவிச் சங்கமோ சனச சங்கமோ நல்லது. 1911இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திலிருந்து வரும் சனச மரபில் முதலில் சேமிப்பு, பிறகே கடன்.

மாத்தளையில் கிழமைக் கூட்டத்துக்குப் போகும் தாய்மாரே, அடுத்த தவணைக்கு முன் ஒரு நாள் தபாலகத்துக்குப் போய்த் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கொன்றைத் திறவுங்கள். அங்குள்ள வைப்புக்கு அரசின் முழு உத்தரவாதம் இருக்கிறது. பிள்ளையின் பெயரில் போட்டால் இடையில் எடுப்பது கடினம். அவசரத்துக்கு வேண்டிய காசு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.